கொப்பியில் இருக்கவேண்டியது யாருடைய கணக்கு?



இஸ்லாம் பாடம் படிப்பிக்கிற மௌலவிக்குக் கணக்குப் பாடத்தில் என்ன வேலை என்று உங்களில் சிலர் கேட்கலாம். பாடசாலைக்கு வருகிற தாய்மார் என்னிடம் அதிகம் பேசுவது அந்தப் பாடத்தைப் பற்றித்தான். “ஐந்தாம் வகுப்பு வரை நல்லாய்ப் படிச்ச பிள்ளை மௌலவி. ஸ்கொலர்ஷிப்பிலும் நல்ல புள்ளி. ஆறாம் வகுப்புக்குப் போனதிலிருந்து கணக்குக் கொப்பியைக் கண்டாலே ஓடுறான்.” பெண் பிள்ளையைப் பற்றியும் இதே கதைதான். ஆனால் அங்கே கடைசியில் ஒரு வசனம் கூடுதலாக வரும்: “பொம்பிளப் பிள்ளைதானே, போகட்டும்.”

போகட்டும் என்று விட்டுவிடக்கூடிய பாடமா இது? ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரையான நான்கு ஆண்டுகளில்தான் பின்னம், தசமம், சதவீதம், அட்சரகணிதம், கேத்திரகணிதம் எல்லாவற்றுக்கும் அத்திவாரம் போடப்படுகிறது. இந்த வயதில் கணக்கைக் கைவிட்ட பிள்ளை, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது எத்தனை டியூசனுக்குப் போனாலும், அத்திவாரம் இல்லாத சுவருக்குப் பூச்சுப் பூசிய கதையாகத்தான் முடியும்.

ஆகவே இந்த மாதம் வகுப்பறை ஒழுங்கையும் வீட்டுவேலையையும் பற்றிப் பேசுவோம்.

உரும்பிராய் ஆசிரியையின் ஒற்றைத் தாள்

யாழ்ப்பாணத்திலிருந்து பலாலி வீதியால் வடக்கே போனால் கோண்டாவிலைத் தாண்டி உரும்பிராய் வரும். செம்மண் பூமி. வெங்காயம், வாழை, புகையிலை, மரக்கறி என்று உழைப்பால் வாழ்கிற ஊர். எனக்கு அறிமுகமான கணித ஆசிரியை ஒருவர் அங்கே நடுத்தர வகுப்புகளுக்குக் கற்பிக்கிறார். ஆண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோருக்கும் அவர் ஒரு தாள் கொடுத்துவிடுவார். வகுப்பில் தான் எதை எதிர்பார்க்கிறேன், வீட்டுவேலை எப்படி இருக்கவேண்டும் என்பதை அதில் எழுதியிருப்பார். அந்தத் தாளை நான் வாங்கிப் படித்தேன். அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

ஒன்று: வீட்டுவேலை நாலைந்து கணக்குக்கு மேல் இராது. அரை மணித்தியாலம் உண்மையாக முயன்ற பின்னும் முடியாவிட்டால் பிள்ளை கொப்பியை மூடலாம். “இவ்வளவு நேரம் முயன்றார்” என்று வீட்டில் ஒருவர் எழுதிக் கையொப்பமிட்டால் போதும்.

இரண்டு: விடை மட்டும் எழுதினால் புள்ளி இல்லை. வந்த வழி எழுதப்பட வேண்டும். பிழைத்த வரியை அழிறப்பரால் அழிக்கக்கூடாது. ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டு அடுத்த வரியில் திருத்தவேண்டும்.

மூன்று: கணக்கு விளங்கவில்லை என்றால் வினாவை எழுதி, தெரிந்தது எது, எந்த இடத்தில் நின்றுவிட்டது என்று எழுதிவர வேண்டும். அதுவும் செய்த வீட்டுவேலையாகவே கொள்ளப்படும்.

நான்கு: இன்னொருவர் செய்ததைப் பார்த்தெழுதினால், எல்லா விடையும் சரியாக இருந்தாலும் அது செய்யாத வேலைதான். அந்த இன்னொருவர் பெற்ற தாயாக இருந்தாலும் சரி.

ஐந்து: சுகவீனத்தால் வராத பிள்ளைக்கு இரண்டு நாள் தவணை உண்டு. வகுப்பில் பிழையான விடை சொன்ன பிள்ளையைப் பார்த்து யாரும் சிரிக்கக்கூடாது. கேள்வி கேட்க யாரும் வெட்கப்படக்கூடாது. வாய்பாடு பாடமாக இருக்கவேண்டும். அடிமட்டமும் கவராயமும் பையில் இருக்கவேண்டும்.

இவ்வளவுதான். “நாலாவதைப் படித்துவிட்டுச் சில தாய்மார் கோபித்தார்களா?” என்று கேட்டேன். “கோபித்ததைவிட ஆறுதலடைந்தவர்கள்தான் அதிகம். பின்னேரம் முழுக்கத் தோட்டத்தில் நின்றுவிட்டு வருகிறவர்கள். கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லையே என்று வெட்கப்பட்டுக் கொண்டிருந்தவர்கள். சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்று நானே எழுதிக்கொடுத்தால் சந்தோஷம்தானே” என்றார்.

பிழையில்தான் பாடம் இருக்கிறது

இந்த ஒழுங்குகளின் நியாயத்தை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். கால் கிலோ சீனியும் அரைக் கிலோ மாவும் ஒரே பையில் போட்டால் மொத்த நிறை எவ்வளவு? முக்கால் கிலோ. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய உம்மாவும் யோசிக்காமல் சொல்வார். இதையே கொப்பியில் 1/4 + 1/2 என்று எழுதிக் கொடுத்தால், பல பிள்ளைகள் மேலுள்ள இரண்டையும் கூட்டி 2 என்றும், கீழுள்ள இரண்டையும் கூட்டி 6 என்றும் எழுதி, 2/6 என்று முடிப்பார்கள். 2/6 என்றால் மூன்றில் ஒரு பங்கு. அது அரையைவிடக் குறைவு. அரைக் கிலோ மாவுக்கு மேல் சீனியையும் போட்ட பிறகு நிறை குறைந்துவிட்டதாம்!

கொப்பியில் 2/6 என்று இருந்தால் ஆசிரியைக்கு உடனே விளங்கும்: பின்னத்தில் கீழுள்ள எண் எதைச் சொல்கிறது என்பது இந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை. அடுத்த நாள் அந்த இடத்தைப் பிடித்துத் திருத்திவிடலாம். அதே பிள்ளை பக்கத்து வீட்டு அக்காவின் கொப்பியைப் பார்த்து 3/4 என்று எழுதிப் போனால் ஆசிரியை சரி போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். நோய் உள்ளே இருக்கும். மேலே சிவப்பு மையால் “மிக நன்று” என்று எழுதியிருக்கும். வைத்தியரிடம் போகிற நோயாளி இன்னொருவரின் இரத்தத்தைச் சோதிக்கக் கொடுத்தால் மருந்து சரியாக இருக்குமா? பார்த்தெழுதிய வீட்டுவேலையும் அப்படித்தான்.

இக்காலத்தில் பார்த்தெழுத அக்காவும் தேவையில்லை. கைத்தொலைபேசியால் கணக்கைப் படம் பிடித்தால் விடையையும் வழியையும் வரிவரியாகத் தருகிற செயலிகள் வந்துவிட்டன. பிள்ளை தானே முயன்று முடித்த பின்னர் சரிபார்க்க அவை உதவலாம். முயல்வதற்கு முன்னர் கையில் கொடுத்தால், மூளை செய்யவேண்டிய வேலையைப் பெருவிரல் செய்துவிடும். வீட்டுவேலை நேரத்தில் போன் உம்மாவிடம் இருக்கட்டும்.

எவ்வளவு நேரம்?

“நிறைய வீட்டுவேலை கொடுத்தால்தான் நல்ல ஆசிரியர்” என்று நினைக்கிற பெற்றோரும் இருக்கிறார்கள். கொப்பி நிறைந்திருப்பதைப் பார்த்தால்தான் மனம் நிறைகிறது அவர்களுக்கு. உலகம் இதை எப்படிப் பார்க்கிறது என்று கேளுங்கள்.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டு வெளிவந்த பாடசாலைப்பைக் கொள்கையில், இரண்டாம் வகுப்பு வரை வீட்டுவேலையே வேண்டாம் என்றும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை எல்லாப் பாடத்துக்குமாக நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது என்றும் சொல்லப்பட்டது. 2021இல் சீனாவும் இப்படியொரு வரையறை செய்தது. அங்கே இடைநிலை வகுப்புகளுக்கு 90 நிமிடமே உச்சம். அமெரிக்காவில் வீட்டுவேலையைப் பற்றி நீண்டகாலம் ஆராய்ந்த ஹாரிஸ் கூப்பர் என்ற பேராசிரியர், வகுப்பைப் பத்தால் பெருக்கிவரும் நிமிடங்கள் போதும் என்ற கணக்கை ஆதரிக்கிறார். ஏழாம் வகுப்பென்றால் எல்லாப் பாடங்களுக்குமாக 70 நிமிடம்.

2012இல் பல நாடுகளில் 15 வயது மாணவரிடையே நடந்த பீசா ஆய்வின்போது, ஷாங்காய் நகரப் பிள்ளைகள் வாரத்தில் ஏறக்குறைய 14 மணித்தியாலம் வீட்டுவேலை செய்தார்கள். பின்லாந்துப் பிள்ளைகள் செய்தது சுமார் 3 மணித்தியாலம். கணிதத்தில் ஷாங்காய் முதலிடம் பெற்றது உண்மை. ஆனால் அத்தனை குறைந்த நேரம் செய்த பின்லாந்தும் சராசரிக்கு நன்கு மேலேதான் நின்றது. ஆகவே மணித்தியாலக் கணக்கை மட்டும் பார்த்துக் கல்வியை அளக்க முடியாது.

நம் தமிழ்த் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எப்படி இருந்தது? உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். மாலையில் வீடு திரும்பும் பிள்ளைக்கு உபாத்தியாயர் ஒரு பூவின் பெயரையோ பறவையின் பெயரையோ ஊரின் பெயரையோ சொல்லி அனுப்புவாராம். மறுநாள் காலையில் மறக்காமல் வந்து சொல்லவேண்டும். அவ்வளவுதான். எண்சுவடி வாய்பாடுகளையும், கால், அரைக்கால், மாகாணி என்ற கீழ்வாய்க் கணக்குகளையும் மனனம் செய்வித்தது பள்ளிக்கூடத்திலேயே நடந்தது.

நம் பிள்ளைகளின் பின்னேரத்தை நினைத்துப் பாருங்கள். பாடசாலை விட்டதும் குர்ஆன் மத்ரஸா. அது முடிந்தால் டியூசன். மஃரிபுக்குப் பிறகு களைத்த உடம்போடு பாடசாலை வீட்டுவேலையும் டியூசன் வீட்டுவேலையும். கடைசியாக எடுக்கப்படுகிற கொப்பி எது? பயமான பாடத்தின் கொப்பிதான். தூக்கக் கண்ணோடு யாராவது செய்ததைப் பார்த்தெழுதாமல் வேறென்ன செய்யும் அந்தப் பிள்ளை? ஆகவே கணக்கை முதலில் எடுக்கச் சொல்லுங்கள், தலை தெளிவாக இருக்கும்போதே. இருபது நிமிடமோ அரை மணித்தியாலமோ போதும்.

அடியால் வாய்பாடு வருமா?

வீட்டுவேலை செய்யாததற்கு அடிக்கிற வழக்கம் நம் நாட்டில் இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. மாணவருக்கு உடல் தண்டனை கொடுக்கக்கூடாது என்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டு 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையிலும் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சுற்றறிக்கையிலும் சொல்லியிருக்கிறது. மாணவன் ஒருவனை ஆசிரியர் அடித்த வழக்கில், அது அரசியலமைப்புத் தந்த அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அடிக்குப் பயந்த பிள்ளை கணக்கைக் கற்பதில்லை. அடியிலிருந்து தப்பும் வழியைக் கற்கிறது. அந்த வழிகளில் இலேசானது பார்த்தெழுதுவது. உரும்பிராய் ஆசிரியையின் மூன்றாவது ஒழுங்கு இந்தப் பயத்தைத்தான் அகற்றுகிறது. தெரியாது என்று எழுதிக்கொண்டு போனாலும் தலை நிமிர்ந்து வகுப்புக்குள் நுழையலாம் என்றால் பிள்ளை ஏன் பொய் எழுதப்போகிறது? வீட்டில் வாப்பா கையோங்கினாலும், “மாமி மகனுக்குத் தொண்ணூறு, உனக்கு முப்பதா?” என்று சபையில் வைத்துக் கேட்டாலும் விளைவு ஒன்றுதான்.

“பெண் பிள்ளைதானே” என்பவர்களுக்கு

ஈரானில் 1977இல் பிறந்த மர்யம் மிர்ஸாகானி என்ற பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன். தெஹ்ரானில் நடுத்தர வகுப்பின் முதலாண்டில் அவருக்குக் கணக்கு சரியாக வரவில்லை. இவருக்கு அந்தத் திறமை இல்லை என்று ஆசிரியர் எண்ணினார். பிள்ளைக்கும் மனம் விட்டுப்போயிற்று. அடுத்த ஆண்டு வந்த ஆசிரியர் ஊக்கம் கொடுத்தார். நிலைமை மாறியது. 1994இலும் 1995இலும் சர்வதேச கணித ஒலிம்பியாட் போட்டியில் தங்கப் பதக்கம். 2014இல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம். அதைப் பெற்ற முதல் பெண் அவரே. 2017இல், நாற்பதே வயதில் காலமானார்.

எல்லாப் பெண் பிள்ளைகளும் மிர்ஸாகானி ஆகப்போவதில்லை. ஆனால் பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளையைப் பார்த்து “உனக்குக் கணக்கு வராது” என்று சொல்கிற அதிகாரம் நமக்கு யார் தந்தது? ஆசிரியருக்கும் இல்லை, பெற்றோருக்கும் இல்லை. “எனக்கும் கணக்கு வராது, உனக்கும் என்னைப் போலத்தான்” என்று உம்மா செல்லமாகச் சொல்வதுகூடப் பிள்ளையின் காதில் தீர்ப்பாக விழும்.

வாரிசுரிமையும் பின்னமும்

மௌலவிக்குக் கணக்கில் என்ன வேலை என்ற கேள்விக்கு வருகிறேன். அரபுக் கல்லூரியில் ஃபராயிழ், அதாவது சொத்துப் பங்கீட்டுச் சட்டம், எங்களுக்குப் பாடம். அது முழுக்கப் பின்னக் கணக்கு. உஸ்தாத் வினாவைச் சொல்வார். விடையை மட்டும் சொன்னவரை அவர் உட்காரவிடமாட்டார். “அஸ்ல் எப்படி வந்தது? சொல்லும்” என்பார். அஸ்ல் என்பது எல்லாப் பங்குகளுக்கும் பொதுவான கீழெண். ஏழாம் வகுப்புப் பிள்ளை பொ.ம.சி. என்று படிப்பது அதைத்தான்.

ஒரு பெண் மௌத்தாகிறார். கடனும் வஸிய்யத்தும் இல்லை. கணவரும் தாயும் ஒரு மகனும் இருக்கிறார்கள். 12 பரப்புக் காணி இருக்கிறது. பிள்ளை இருப்பதால் கணவருக்கு 1/4. தாய்க்கு 1/6. மீதி மகனுக்கு. 4க்கும் 6க்கும் பொ.ம.சி. 12. ஆகவே கணவருக்கு 3 பரப்பு, தாய்க்கு 2 பரப்பு, மகனுக்கு 7 பரப்பு.

முன்பு பார்த்த பிழையை இங்கே செய்துபாருங்கள். மேலெண்ணையும் கீழெண்ணையும் தனித்தனியே கூட்டி, கணவருக்கும் தாய்க்குமாக 2/10 என்று எடுத்தால், இருவருக்கும் சேர்த்து இரண்டரைப் பரப்புக்கூட வராது. கிடைக்கவேண்டியது ஐந்து. வயோதிபத் தாயினதும் கணவரினதும் ஹக்கில் பாதிக்கு மேல், ஆறாம் வகுப்பில் திருத்தப்படாத ஒரு பிழையால் போய்விடும். வியாபாரத்திலும், ஸகாத்தில் நாற்பதில் ஒன்றைப் பிரிப்பதிலும், கடனுக்கு வாங்கிய பொருளின் தவணையிலும் இதே கதைதான். கணக்குத் தெரியாதவர் ஏமாறுவார். தெரியாமலே பிறரை ஏமாற்றவும் செய்வார்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த முஹம்மத் இப்னு மூஸா அல்குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரில் உள்ள அல்ஜப்ர் என்ற சொல்லிலிருந்துதான் அட்சரகணிதத்துக்கு ஐரோப்பிய மொழிகளில் இன்றுள்ள பெயர் வந்தது. அந்த நூலின் பெரும்பகுதி வஸிய்யத்து, வாரிசுப் பங்கீடு ஆகிய கணக்குகளைப் பற்றியது. மக்களின் உரிமையைச் சரியாகப் பிரித்துக் கொடுக்கும் தேவைக்காகவே இத்தனை நுட்பமான கணக்கு வேண்டியிருந்தது.

உம்மா செய்யவேண்டியது

இனி, சகோதரிகளே, உங்கள் பங்கைச் சொல்கிறேன். கணக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

ஒரு நேரத்தை ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் டீவி அணைந்திருக்கட்டும். கடைக்கு அனுப்பாதீர்கள், தம்பியைத் தூக்கச் சொல்லாதீர்கள். ஆண் பிள்ளை படிக்கும்போது பெண் பிள்ளையைக் குசினிக்குக் கூப்பிடுகிற வழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள்.

விடை சரியா என்று பார்க்கவேண்டாம். “இது எப்படி வந்தது? எனக்கும் சொல்லித்தாங்கோ” என்று கேளுங்கள். உங்களுக்கு விளங்காவிட்டால் இன்னும் நல்லது. விளங்காதவருக்கு விளக்கப்படுத்தும்போதுதான் தன் பிழை பிள்ளைக்கே தெரியவரும். பின்னம் என்றால் சீனியையும் மாவையும் காட்டிக் கேளுங்கள். ரொட்டியைப் பிய்த்துக் கேளுங்கள். அங்கே நீங்கள்தான் ஆசிரியை.

எங்கே நின்றுவிட்டது என்று எழுதச் சொல்லுங்கள். “நான் முயன்றேன், இந்த வரிக்கு மேல் தெரியவில்லை” என்ற ஒரு வசனம், பார்த்தெழுதிய பத்து விடைகளைவிட ஆசிரியருக்குப் பயன்படும். உங்கள் பிள்ளையின் பாடசாலையில் இப்படி ஓர் ஒழுங்கு இல்லையென்றால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கணித ஆசிரியரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: “சேர், பிள்ளை தெரியாததைத் தெரியாது என்று எழுதிக்கொண்டு வரலாமா?” பெரும்பாலான ஆசிரியர்கள் சந்தோஷப்படுவார்கள். நாற்பது கொப்பியிலும் ஒரே விடை, ஒரே பிழை, ஒரே வெட்டு இருப்பதைப் பார்த்துச் சலித்தவர்கள் அவர்கள்.

கொப்பியில் பிழை இருக்கட்டும். வெட்டும் கோடும் இருக்கட்டும். ஆனால் அது உங்கள் பிள்ளையின் கணக்காக இருக்கட்டும். பிழையான சொந்தக் கணக்கைத் திருத்தலாம். இரவல் கணக்கில் திருத்துவதற்கு ஒன்றுமே இல்லை.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மையையும் தந்தருள்வானாக. ஆமீன்.